பழைய காருக்குப் புதிய மூச்சு

வீட்டு வாயிலில் உறை போர்த்து நிற்கும் பழைய காரை என்செய்வது என்னும் வினா, நம் சங்கத்தைச் சேர்ந்த இல்லங்கள் பலவற்றில் இந்நாளில் எழுந்திருக்கிறது. பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, குகட்பள்ளியிலும் அதனைச் சூழ்ந்த பாலாநகர், மூசாப்பேட்டை, மியாப்பூர் முதலிய பகுதிகளிலும் குடியேறிய நம்மவர் சிலர், சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு வாங்கிய கார்கள் அவை. ஒரு வீட்டில் கான்டெசா. ஒரு வீட்டில் பிரீமியர் 118 என்.இ.; இன்னொரு வீட்டில் ஜிப்ஸி. அக்காலத்தில் விரைவுக்கும் கம்பீரத்துக்கும் பெயர் பெற்றவை. இன்றோ காலையில் கிளம்ப மறுக்கின்றன. நெரிசலில் நின்று விடுகின்றன. வண்டிக்குள் பெட்ரோல் நெடி வீசுகிறது.

"கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கார்களில் உள்ளது போல் பியூயல் இன்ஜெக்‌ஷன் வைத்துவிடலாம்" என்கிறார்கள் மைந்தர்கள். "ஓடுகிற வண்டியில் கை வைக்காதே" என்கிறார்கள் தந்தையர். இரு சாராரிடமும் நியாயம் உண்டு. இத்திங்கள் நாம் இவ்வழக்கை எடுத்துக்கொண்டு, இயந்திர நூலறிவும் பட்டறை அனுபவமும் கூறுவதை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நம் முடிவை முதலிலேயே கூறிவிடுவது நலம். எரிபொருளை உட்செலுத்தும் முறை சிறந்ததே. பழைய காரிலும் அதனைப் பொருத்த முடியும். ஆனால் அது ஒரு பாகத்தை எடுத்துவிட்டு இன்னொரு பாகத்தை வைக்கும் வேலையன்று. பெட்ரோல் டாங்கிலிருந்து சைலன்சர் குழாய் வரையில் முழு வழியையும் புதுப்பிக்கும் வேலை. முழுதும் செய்ய இயலாதவர் பாதி செய்தலினும் செய்யாதிருத்தலே மேல்.

கண்ணில்லாத உழைப்பாளி

கார்புரேட்டரின் தொழிலை முதலில் காண்போம். 1 கிலோ பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த அளவை ஒட்டிக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவதே அதன் கடமை. காற்றுச் செல்லும் குழாய் ஓரிடத்தில் இடை ஒடுங்கியிருக்கிறது. அவ்விடத்தில் காற்று விரைந்து ஓடுவதால் அழுத்தம் குறைகிறது. அக்குறைவினால், அருகிலுள்ள கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் எனப்படும் நுண்துளை வழியே உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. மின்சாரம் வேண்டா, கணிப்பொறி வேண்டா. தூசி அடைத்தால் வழியோரத்தில் வண்டியை நிறுத்தி, ஜெட்டைக் கழற்றி ஊதிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். அதன் எளிமையே அதன் பெருமை.

ஆயினும் அவ்வுழைப்பாளிக்குக் கண் இல்லை. எந்த ஊரில் ஓடுகிறோம், என்ன பெட்ரோலைக் குடிக்கிறோம், வெளியே வெயிலா குளிரா என்பதை அது அறியாது. ஒருவர் ஒருமுறை திருகிவைத்த அளவிலேயே என்றும் நிற்கும்.

இதனால் வரும் தொல்லையை ஊர் மாறி வந்த நாம் பிறரினும் நன்கு உணரலாம். சென்னை கடலோரத்தில் உள்ளது. ஐதராபாத்தோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவு. காற்றுக் குறையும் அதே அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. ஆகவே சென்னையில் சீர் செய்த கார்புரேட்டர் இங்கே ஏறத்தாழ 3 விழுக்காடு மிகுதியாகப் பெட்ரோலை ஊட்டுகிறது. அதே வண்டியை உதகைக்கு ஓட்டிச் சென்றால் அம்மிகுதி 10 விழுக்காட்டையும் தாண்டும். மலை ஏறும் பழைய வண்டிகள் கரும்புகை கக்கித் திணறுவதற்கு இது முக்கியமான காரணம்.

இப்பொழுது இன்னொரு மாறுதலும் சேர்ந்துள்ளது. நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025ஆம் ஆண்டளவில் எங்கும் பரவலாக வழங்கப்படும் நிலை ஏற்பட்டது. தூய எத்தனால் 1 கிலோ எரிய 9 கிலோ காற்றே போதும். ஆகவே அந்தக் கலப்புப் பெட்ரோலுக்கு உரிய அளவு 14.7 அன்று, ஏறத்தாழ 13.5 ஆகும். பழைய ஜெட் பழைய அளவிலேயே ஊட்டுவதால், கலவை ஏறத்தாழ 8 விழுக்காடு மெலிந்து போகிறது. உயரம் கூட்டிய 3 விழுக்காட்டை இதில் கழித்தாலும் 5 விழுக்காடு குறை நிற்கிறது. மெல்ல ஓடும்போது இது தெரியாது. நெடுஞ்சாலையில் விரட்டும்போதுதான் எஞ்சின் வரம்பு மீறிச் சூடேறும். மெலிந்த கலவை பிஸ்டனையும் வால்வையும் சுட்டுக் கெடுக்கும் என்பதைப் பட்டறைக்காரர் அனைவரும் அறிவர்.

கோடையின் கொடுமை வேறு. பழைய எஞ்சினின் பக்கத்திலேயே பெட்ரோல் பம்பு இருப்பதால், சித்திரை வைகாசியில் நெரிசலில் நிற்கும்போது குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். அம்பாசிடரிலும் பியட்டிலும் ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிய காலம் நம்மில் மூத்தோர்க்கு நினைவிருக்கும். மூசாப்பேட்டைச் சந்திப்பில் ஈரத்துணியுடன் இறங்கி நிற்க இன்று யார் இசைவர்?

உட்செலுத்தும் முறை

புதிய முறையில் உறிஞ்சுதல் இல்லை. அளந்து பீய்ச்சுதலே உண்டு. மின்சாரப் பம்பு ஒன்று பெட்ரோலை ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில், அதாவது காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் மும்மடங்கில், குழாய்க்குள் நிறுத்தி வைக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் இன்ஜெக்டர் என்னும் மின்சார வால்வு இருக்கிறது. அது திறந்திருக்கும் நேரமே ஊட்டும் அளவு. எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழலும்போது ஒரு சுற்றுக்கு 10 மில்லிசெகண்டுகளே ஆகின்றன. நான்கு வீச்சும் முடிய 20 மில்லிசெகண்டு. அதற்குள் எத்தனை மில்லிசெகண்டு திறப்பது என்பதைச் சிறிய கணிப்பொறி ஒன்று தீர்மானிக்கிறது.

அக்கணிப்பொறிக்குக் கண்களும் காதுகளும் ஆனவை சென்சார்கள். கிராங்க் எந்நிலையில் உள்ளது, உறிஞ்சும் குழாயில் அழுத்தம் எவ்வளவு, காற்று எவ்வளவு சூடு, எஞ்சின் நீர் எவ்வளவு சூடு, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பவற்றை அவை அறிவிக்கின்றன. எல்லாவற்றினும் மேலாக, புகைக் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், எரிந்த புகையை மோந்து பார்த்துக் கலவை மிகுந்ததா குறைந்ததா என்று சொல்லிவிடுகிறது. உடனே கணிப்பொறி தன்னைத் திருத்திக்கொள்கிறது. சென்னைக் காற்றாயினும் குகட்பள்ளிக் காற்றாயினும், பெட்ரோலில் எத்தனால் கூடினாலும் குறைந்தாலும், சீரான ஓட்டத்தில் அது அளவைத் தானே தேடிக்கொள்ளும். பழைய எஞ்சினுக்கு நாம் கொடுப்பது புதிய வாய் மட்டுமன்று. புதிய புலன்கள் என்றே கூறலாம்.

இப்புலன்கள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1954ஆம் ஆண்டில் மெர்ஸிடிஸ் 300 எஸ்.எல். கார் இயந்திர முறையில் பெட்ரோலைப் பீய்ச்சியது. மின்சார முறையை அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 1958ஆம் ஆண்டுக் கிரைஸ்லர், டிசோட்டோ, டாட்ஜ், பிளிமத் கார்கள் சிலவற்றில் அது பொருத்தப்பட்டது. அறிவு சிறந்ததாயினும் அந்நாளைய மின்பாகங்கள் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கவில்லை. விற்ற கார்களுட் பெரும்பாலானவற்றை மீண்டும் அழைத்து, அம்முறையைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர்களையே பொருத்தித் தந்தனர்! கழற்றப்பட்டவற்றுள் எஞ்சியவை மிகச் சில. அவை இன்று அரும்பொருள்கள். பெண்டிக்ஸின் காப்புரிமைகள் பிறகு ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்திடம் சென்றன. 1967இல் அந்நிறுவனத்தின் மின்சார முறை வோக்ஸ்வாகன் காரில் வெற்றியுடன் வந்தது. ஆக்ஸிஜன் சென்சார் 1976இல் வால்வோ காரில் முதன்முதல் இடம் பெற்றது.

நல்ல கருத்தாயினும் அதைத் தாங்கும் வயரும் இணைப்பும் பொருந்தாவிட்டால் தோற்கும் என்பதற்கு 1958ஆம் ஆண்டுக் கதையே சான்று. இன்று பழைய காரில் புது முறையைப் பொருத்துவோரும் பெரும்பாலும் தோற்பது அந்த இடத்திலேதான்.

நம் நாட்டுச் சான்று

நம் நாட்டிலும் இம்மாற்றம் நம் கண்முன்னரே நிகழ்ந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடு விதிகள் கடுமையாயின. அதையொட்டி மாருதி முதலிய நிறுவனங்கள் தம் கார்களில் எம்.பி.எப்.ஐ. எனப்படும் உட்செலுத்தும் முறைக்கு மாறின. சப்பானின் மிக்குனி நிறுவனத்துடன் கூடி மறைமலைநகரில் யுகால் நிறுவனம் நடத்திய கார்புரேட்டர்த் தொழிலால் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. அத்தொழிலும் காலத்திற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. திருவொற்றியூரில் 1955 முதல் வளர்ந்த என்பீல்டு புல்லட்டும் 2020ஆம் ஆண்டில் கார்புரேட்டருக்கு விடை கொடுத்தது. உருவம் மாறவில்லை, உணவு ஊட்டும் முறையே மாறிற்று.

பழைய உடலுக்குப் புதிய முறையைத் தொழிற்சாலையே பொருத்திக் காட்டிய சான்று இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தினுடையது. வங்காளத்து உத்தரபாராவில் 1984 முதல் உருவான கான்டெசா, இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரின் உடலைக் கொண்டது. முதலில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சினையே அதில் வைத்தனர். யானை உடலுக்கு ஆட்டுக்குட்டி இழுவை! பின்னர்ச் சப்பானின் இசுஸு நிறுவனத்து 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகே அது விரைவு வண்டி என்று பெயர் பெற்றது. அதே எஞ்சின் 1990களில் அம்பாசிடருக்கும் வந்தது. முதலில் கார்புரேட்டருடன் இருந்த அவ்வெஞ்சினுக்கே பின்னர் உட்செலுத்தும் முறை பொருத்தப்பட்டது. கான்டெசா 2002இல் நின்றுவிட்டது. எனினும், ஒரே எஞ்சின் இரு முறையிலும் ஓடியது என்னும் உண்மை, கார்புரேட்டர் கான்டெசா வைத்திருப்போர்க்குப் பெரிய வழிகாட்டி. அதே குடும்பத்து எஞ்சினின் உறிஞ்சு குழாய்த் தொகுதி, இன்ஜெக்டர், சென்சார் ஆகியவை கிடைக்குமானால், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது மிகக் குறைவு.

இன்னொரு சான்று தெளிவுக்காகத் தருகிறோம். 1.3 லிட்டர் ஜிப்ஸி, கார்புரேட்டர் இருந்தபோது 60 குதிரைசக்தி தந்தது. 2000ஆம் ஆண்டில் எம்.பி.எப்.ஐ. வந்தபோது 80 குதிரைசக்தி ஆயிற்று. இதைக் காட்டி, "இன்ஜெக்‌ஷன் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு வலிமை கூடும்" என்று கூறுவோர் உண்டு. அவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள், அல்லது அறியார்கள். அதே சமயத்தில் எஞ்சினின் தலைப்பகுதியும் மாறி, 8 வால்வுகள் 16 ஆயின. வலிமையிற் பெரும்பகுதி அவ்வால்வுகளின் கொடை. நல்ல நிலையிலுள்ள கார்புரேட்டருக்குப் பதிலாக உட்செலுத்தும் முறையை மட்டும் வைத்தால் உச்ச வலிமை பெரிதும் கூடாது. கிடைப்பவை வேறு: காலையில் ஒரே சுழற்சியில் கிளம்புதல், மலையிலும் சமவெளியிலும் ஒரே சீர், நெரிசலில் நின்றுவிடாமை, புகை குறைதல், பெட்ரோல் சிக்கனம். குடும்பத்துடன் ஊர் செல்வோர்க்கு இவை போதாவோ?

பந்தய ஆர்வம் நம்மவர்க்குப் புதிதன்று. சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் நடத்திய பந்தயங்களை நேரில் கண்டோர் நம்மிடையே இருக்கக்கூடும். கோவையின் கரிவரதன், மாருதி 800இன் சிறிய எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார்களைச் சமைத்து இளைஞர் கையில் கொடுத்தார். நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வைத் தொடங்கியது அவ்வகைக் காரில்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவைப் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்குகிறது. கையிலுள்ள எளிய எஞ்சினை அளந்து, எடை குறைத்து, சீர் செய்து விரைவு பெறுவதே அவர் காட்டிய வழி. விலை உயர்ந்த பாகத்தை வாங்கிப் பூட்டுவது மட்டும் விரைவு ஆகாது.

செய்யும் முறை

முதலாவதாக, எஞ்சினின் உடல்நிலையைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டால், ரிங்கும் வால்வும் தேய்ந்தன என்று பொருள். அத்தகைய எஞ்சினுக்குக் கணிப்பொறி வைப்பது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதாகும். பல சமயம் கார்புரேட்டரின் மேல் சுமத்தப்படும் பழி, தேய்ந்த எஞ்சினுக்கோ கெட்டுப்போன டிஸ்ட்ரிபியூட்டருக்கோ உரியதாக இருக்கும்.

இரண்டாவது, பெட்ரோல் டாங்கு. பழைய இரும்பு டாங்கின் அடியில் துரு படிந்திருக்கும். கார்புரேட்டரின் ஜெட் ஓரளவு துருவைப் பொறுத்துக்கொள்ளும். இன்ஜெக்டரின் நுண்துளை பொறுக்காது. எத்தனாலோ ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். டாங்கை இறக்கிக் கழுவி, நல்ல வடிகட்டி பொருத்த வேண்டும். வளைவில் விரைந்து திரும்பும்போது பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கிப் பம்பு வெறுங்காற்றை இழுக்காதபடி, இடையில் ஒரு சிறு துணை டாங்கு வைப்பது விரைவு வண்டிகளுக்கு இன்றியமையாதது. மிஞ்சிய பெட்ரோல் திரும்பிவரத் தனிக்குழாயும் வேண்டும்.

மூன்றாவது, இன்ஜெக்டரின் அளவு. 85 குதிரைசக்தி தரும் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு, ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 140 கன சென்டிமீட்டர் பாய்ச்சினால் போதும். எத்தனாலுக்காகச் சிறிது கூட்டிக்கொள்ளலாம். பெரிது வாங்கினால் வேகம் கூடும் என்று எண்ணி இரண்டு மடங்கு அளவை வாங்குவோர் உளர். அது குருவி தலையில் பனங்காய் வைத்ததாகும். மெல்ல ஓடும்போது அத்தனை சிறு நேரத்திற்குத் திறந்து மூட அதனால் இயலாது. வண்டி நடுங்கும், பெட்ரோல் வீணாகும்.

நான்காவது, மின்சாரம். பழைய வண்டியின் வயரிங் விளக்குக்கும் ஹாரனுக்கும் என்று போடப்பட்டது. பம்பு ஒன்றே 5 முதல் 8 ஆம்பியர் வரை இழுக்கும். டைனமோ உள்ள வண்டியாயின் ஆல்டர்னேட்டருக்கு மாறாமல் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது. பம்புக்குத் தனி ரிலே, தனிப் பியூஸ்; கணிப்பொறிக்கும் எஞ்சினுக்கும் துரு நீக்கிய நல்ல எர்த் இணைப்பு; சென்சார் வயர்கள் பிளக் வயரை விட்டு விலகிச் செல்லுதல். காரணம் தெரியாமல் நின்றுவிடும் வண்டிகள் பலவற்றில் நோய் கணிப்பொறியில் இல்லை, எர்த்தில்தான் இருக்கிறது.

ஐந்தாவது, சீரமைத்தல். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு சுமைக்கும் எவ்வளவு பெட்ரோல் என்னும் பட்டியல் கணிப்பொறிக்குள் இருக்கிறது. அதை அகல அளவு காட்டும் ஆக்ஸிஜன் மீட்டரைக் கொண்டு, இயன்றால் டைனோ என்னும் உருளைச் சோதனை மேடையில் ஓட்டி, நிரப்ப வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் தானாகத் திருத்துவது பெரும்பாலும் சீரான ஓட்டத்தில் மட்டுமே. முழு மிதியில் பட்டியலே ஆட்சி செய்யும். அங்கே கலவை மெலிந்திருந்தால், சில நிமிடங்களில் பிஸ்டன் உருகக்கூடும். வேறொரு வண்டியின் பட்டியலை அப்படியே ஏற்றிக் கொடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கணிப்பொறிக்குப் பெரும்பொருள் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டா. 2001ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் இருவர், ஆர்வலர் தம் கையாலேயே அமைத்துக்கொள்ளும் வண்ணம் மெகாஸ்க்வர்ட் என்னும் கணிப்பொறியை வெளியிட்டனர். அதன்பின் அதைப் போன்றவை பல வந்துள்ளன. கிராங்க்கில் பூட்டும் பற்சக்கரம், இன்ஜெக்டர்களைத் தாங்கும் குழாய், இணைப்புத் தட்டு முதலியவற்றைக் கடைந்து தர, நம் அண்டையிலுள்ள பாலாநகரின் லேத்துப் பட்டறைகளை விஞ்சிய இடம் அரிது. 1968இல் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் அமைந்த ஊர் அது. கோவைப் பட்டறையில் கைபழகி இங்கு வந்தோர்க்கு இதனை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

உயிருக்கு அஞ்சுக

இவற்றுள் எல்லாம் தலையாய ஒன்றைத் தனியே கூறுகிறோம். பழைய பம்பு கொடுத்த அழுத்தம் 0.2 அல்லது 0.3 பார் அளவே. புதிய பம்பு தருவது 3 பார். பத்து மடங்குக்கும் மேல். பழைய ரப்பர்க் குழாயில் சிறு விரிசல் இருந்தால், முன்பு பெட்ரோல் கசிந்து நெடி வீசும். இப்பொழுதோ பனித்துளி போல் பீய்ச்சி, சூடான புகைக் குழாயின்மேல் விழும். அடுத்தது தீ. எத்தனால் பழைய ரப்பரை விரைவில் கெடுக்கும் என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே, அதிக அழுத்தத்திற்கும் எத்தனாலுக்கும் என்றே செய்த குழாய்களையும் உரிய கிளிப்புகளையும் தவிர வேறெதையும் வைக்க இடம் கொடாதீர்கள். எஞ்சின் நின்றவுடன் பம்பும் நிற்கும்படி கணிப்பொறி வழியே அதனை இணைக்க வேண்டும். மோதல் நேர்ந்தால் மின்சாரத்தை அறுக்கும் சுவிட்சும் வேண்டும். சாவியிலிருந்து நேரே பம்புக்கு வயர் இழுப்பது எளிது, மலிவும் கூட. ஆனால் கவிழ்ந்து கிடக்கும் வண்டியில் பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பின்னிருக்கையில் பேரப்பிள்ளைகளை அமர்த்திச் செல்லும் வண்டியில் சில நூறு ரூபாய்ச் சிக்கனம் எதற்கு? வண்டியில் தீயணைப்பான் ஒன்று இருப்பதும் கடமை.

சட்டத்தின் சொல்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. வேறு எஞ்சினைத் தூக்கி வைப்போர் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றில் குறித்தாக வேண்டும். அதே எஞ்சினில் எரிபொருள் முறையை மட்டும் மாற்றுவோரும், வேலை தொடங்குமுன் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, விடையைப் பெற்றுப் பாதுகாப்பது அறிவுடைமை. காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத மாற்றம், விபத்து நேர்ந்தபின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகக்கூடும்.

வெளிமாநிலத்திலிருந்து வந்த நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியை இங்கே 12 திங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். ஆவணங்கள் நேராகாத வண்டியில் பொருளைக் கொட்டுவது மணலில் வீடு கட்டுவதாகும்.

50 ஆண்டு கடந்த வண்டி வைத்திருப்போர்க்கு நாம் கூறுவது ஒன்றே: கை வைக்காதீர்கள். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, மூல நிலை மாறாத அத்தகைய வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதிவு செய்யலாம். எஞ்சினிலோ உடலிலோ பெரிய மாற்றம் செய்தால் அத்தகுதி போய்விடும். அவற்றின் கார்புரேட்டரை எத்தனாலுக்கு ஏற்ற ஜெட்டும் புதிய ரப்பரும் இட்டுப் பேணுவதே முறை.

தீர்ப்பு

தந்தையர் மைந்தர் வழக்கிற்கு நம் தீர்ப்பு இதுவே. ஆண்டுக்குச் சில முறை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு, நன்கு பழுது பார்த்த கார்புரேட்டர் போதும். உயரத்திற்கும் புதுப் பெட்ரோலுக்கும் ஏற்ப ஜெட்டை மாற்றி, குழாய்களைப் புதுப்பித்தால் அது இன்னும் பல்லாண்டு உழைக்கும். நாள்தோறும் அலுவலகம் செல்லவும், விடுமுறையில் குடும்பத்துடன் தமிழகம் சென்று வரவும் பயன்படுத்தும் 1980, 1990களின் வண்டியாயின், எஞ்சின் நலமாகவும் ஆவணம் செம்மையாகவும் இருக்குமானால், மாற்றிக்கொள்ளுதல் தகும். அதே குடும்பத்து எஞ்சினின் பாகங்கள் கிடைக்கும் வண்டிகளுக்கே முதலிடம். செலவு வண்டியின் விலையை எட்டினாலும் எட்டும். அதனை முன்கூட்டியே கணக்கிட்டு, கையில் முழுப் பொருளும் சேர்ந்த பிறகே வண்டியைப் பிரியுங்கள். பிரித்துப் போட்டுப் பாதியில் நின்ற வண்டிகள் பட்டறைகளின் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடப்பதைக் காண நெஞ்சு பொறுப்பதில்லை.

மாற்றும்போது, பழைய கார்புரேட்டரையும் அதன் குழாய்த் தொகுதியையும் வெட்டாமல், விற்காமல், எண்ணெய் தடவி ஒரு பெட்டியில் வைத்திருங்கள். பின்னொரு நாளில் பேரன் ஒருவன் அவ்வண்டியைப் பழைய வடிவில் காண விரும்பக்கூடும். அவ்வழியை அவனுக்கு அடைத்துவிடலாகாது.

இளைஞர்களே, பெரியவர்கள் அஞ்சுவது அறியாமையால் அன்று. அவ்வண்டிக்காக அவர்கள் உழைத்த ஆண்டுகளை அவர்கள் அறிவர். பெரியவர்களே, பிள்ளைகள் அந்த வண்டியை விற்றுவிடச் சொல்லவில்லை, ஓடவைக்கவே விரும்புகிறார்கள். இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்துவைத்து, முதல் வேலையாகக் கம்ப்ரெஷனை அளந்து எழுதுங்கள். அந்த நான்கு எண்களே மேற்கொண்டு செய்ய வேண்டுவது யாதென உரைக்கும்.